டேங்க்கா, மூச்சடக்கா, லயன்ஃபிஷ் மட்டுமா? தெற்கு ஃபுளோரிடாவில் ஈட்டி மீன்பிடிக்கு எந்த வழி

ஸ்கூபா கோர்ஸ் முடித்தாயிற்று. உணவகத்தில் ஹாக்ஃபிஷ் என்ற பவளப்பாறை மீனைச் சாப்பிட்டு அதன் ருசியும் மனசுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்து வருவது "நானே ஈட்டியோடு இறங்கிப் பிடித்தால் என்ன?" என்ற ஆசை. தெற்கு ஃபுளோரிடாவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: டேங்க் கட்டிக்கொண்டு போவதா, மூச்சை அடக்கிப் போவதா?

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டேங்க்கோடு இறங்கி, குட்டை ஈட்டியால் லயன்ஃபிஷ் என்ற விஷமுள் மீனை மட்டும் குத்துவது. மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பவளப்பாறை மீனுக்கு ஆழம்தான் அடைக்கலம். மூச்சடக்கி வருகிறவர் ஒரு நிமிடத்தில் மேலே போயே ஆக வேண்டும். அதற்குள் மீன் பொந்தில் புகுந்துவிட்டால் அது பிழைத்தது. டேங்க்கோடு வருகிறவர் பொந்தின் வாசலிலேயே காத்திருக்கலாம். மீனுக்கு இருந்த அந்த அடைக்கலம் போய்விடுகிறது. ஆகவே ஸ்கூபாவில் இறங்குகிறவர் எத்தனை மீன், எந்த அளவு, எந்த வகை என்ற வரம்பைத் தானே வகுத்து அதில் நிற்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருப்பவருக்கு ஸ்கூபா நல்ல வழி. புதிதாகத் தொடங்குகிறவரிடம் அது இருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை, அதனால் அவருக்கு மற்ற இரண்டையும்தான் சொல்வேன்.

இது என் ஒருவனுடைய பயம் இல்லை. பசிபிக் தீவுகளில் டார்ச்சும் டேங்க்குமாக இரவில் இறங்கி, பாறை இடுக்கில் தூங்கும் கிளிமீன்களைக் குத்தி எடுத்தார்கள். பெரிய கிளிமீன்கள் அருகத் தொடங்கின. அமெரிக்கன் சமோவா 2001இல் ஸ்கூபாவோடு மீன் பிடிப்பதைத் தடை செய்தது. குவாம் 2020இல் தடை செய்தது. பலாவிலும் தடைதான். மயாமியிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பஹாமாஸிலும் டேங்க்கோடு ஈட்டி பிடிக்கக் கூடாது. அங்கே ஸ்பியர்கன்னே (விசையை அழுத்தி ஈட்டி எய்யும் துப்பாக்கி) கூடாது, ஹவாயன் ஸ்லிங்கும் (கவண் போல ரப்பரை இழுத்து ஈட்டியை விடுவது) போல் ஸ்பியரும் (பின்முனையில் ரப்பர் வளையம் உள்ள நீளக் கை ஈட்டி) மட்டும்தான். ஃபுளோரிடா இன்னும் ஸ்கூபாவை அனுமதிக்கிறது, ஆனால் சில இடங்களில் மட்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, எந்த மீன் வேண்டும், அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது. ஒரே ஹாக்ஃபிஷ் கீழ்க் கீஸ் தீவுகளின் சிறு பாறைத் திட்டுகளில் 5 முதல் 8 மீட்டரிலும் கிடைக்கும், பாம் பீச், ஜூபிட்டர் பக்கத்துப் பாறை விளிம்புகளில் 20 முதல் 30 மீட்டரிலும் கிடைக்கும். நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்பதே பாதி முடிவைச் செய்துவிடும்.

அடுத்தது சட்டம். மன்ரோ கவுண்டியில் லாங் கீயிலிருந்து வடக்கே டேட் கவுண்டி எல்லை வரை மாநிலக் கடலில் ஈட்டி மீன்பிடிக்கே தடை. அதாவது மயாமிக்காரர்கள் வார இறுதியில் முதலில் காரை விடும் கீ லார்கோ, ஈட்டிக்கான இடமே அல்ல. பொதுக் குளியல் கடற்கரை, மீன்பிடி மேடை, மீன் பிடிக்க அனுமதி உள்ள பாலம் ஆகியவற்றிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் கூடாது. ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி) மாட்டிக்கொண்டு குத்தக் கூடாது, லயன்ஃபிஷுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்றாவது உங்கள் உடம்பும் பயிற்சியும். நான்காவது செலவு, அதிலும் கடைக்காரர் சொல்லாத செலவு.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது: தவறினால் யாருக்கு நஷ்டம்? தூண்டிலில் சின்ன மீன் சிக்கினால் கழற்றி விடலாம். ஈட்டி பாய்ந்த மீனைத் திரும்ப விட முடியாது. இதோடு ஒரு கண் மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அட்லாண்டிக் பக்கத்திலும் கீஸிலும் ஹாக்ஃபிஷுக்கு 16 அங்குலம் குறைந்தபட்ச அளவு. உண்மையில் 12 அங்குலமே உள்ள மீன் உங்கள் கண்ணுக்குச் சரியாக 16 ஆகத்தான் தெரியும். புதியவர்கள் சட்டத்தை மீறுவது பெரும்பாலும் இதனால்தான், பேராசையால் இல்லை. ஈட்டித் தண்டின் முனையிலிருந்து 16 அங்குலத்தில் ஒரு பட்டை ஒட்டிவையுங்கள். முனை மீனுக்கு அருகில் இருக்கும்போது அதோடு ஒப்பிட்டால்தான் அளவு சரியாக இருக்கும். கைக்குப் பக்கத்தில் இருக்கும் குறி கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். சந்தேகமாக இருந்தால் குத்தாதீர்கள்.

## ஸ்கூபாவும் ஸ்பியர்கன்னும்

நேரம் கிடைக்கிறது. பாறை விளிம்பில் நிதானமாக நகர்ந்து, மீனைப் பார்த்து, வகையை உறுதி செய்து, பின்னால் பவளம் இல்லாத கோணம் வரும்வரை காத்திருந்து சுடலாம். பொறுமைசாலியின் கையில் டேங்க் மீனுக்கும் நல்லதே செய்கிறது, ஏனென்றால் தலையில் சரியாகப் பாய்ந்து உடனே சாகும். காயத்தோடு தப்பிப்போய் வீணாகும் மீன்கள் குறையும். ஆழத்துக் களவா வகைகளுக்கு, குறிப்பாக பிளாக் குரூப்பருக்கு, சராசரி மனிதருக்கு இதுதான் வழி.

ஆனால் காற்றுக் கணக்கைப் பாருங்கள். வழக்கமான 80 கன அடி அலுமினிய டேங்க்கில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் 25 மீட்டரில், மூன்றரை மடங்கு அழுத்தத்தில், 70 லிட்டர் செலவழிப்பார். கால்பங்கைக் கையிருப்பாக விட்டால் 23 நிமிடம் கிடைக்கும். மீனைத் துரத்தத் தொடங்கினால் மூச்சு இரட்டிப்பாகி, அது 12 நிமிடத்துக்கு இறங்கிவிடும். துரத்தும் நேரத்தில்தான் காற்று மீட்டரைப் பார்க்க மறப்போம், ஆழம் கூடுவதும் தெரியாது. ஸ்கூபாவில் ஈட்டியின் பெரிய ஆபத்து சுறா இல்லை, மீன் மேலேயே கண்ணாக இருந்துவிடுவதுதான்.

சுறாவும் உண்டு. ஜூபிட்டர் பக்கம் புல் ஷார்க் சர்வ சாதாரணம். இங்கே ஸ்கூபாவின் பலவீனம் வெளிப்படுகிறது. மூச்சடக்கிப் போனவர் குத்திய மீனோடு சில விநாடிகளில் மேலே வந்து படகில் போட்டுவிடுவார். டேங்க்கோடு இருப்பவர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், இதெல்லாம் ரத்தம் கசியும் மீனோடு. அதனால் ஸ்ட்ரிங்கரை (பிடித்த மீனைக் கோர்த்து வைக்கும் கம்பி) இடுப்பில் கட்டாதீர்கள். மிதவைக் கயிற்றில் கோர்த்து மேலே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். சுறா நெருங்கி வந்து மீனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று குமிழிச் சத்தம். ஹாக்ஃபிஷ் அதைக் கண்டுகொள்ளாது, சில சமயம் என்னவென்று பார்க்க அருகிலேயே வரும். சங்கரா இனத்து மட்டன் ஸ்னாப்பர் அப்படி இல்லை, குமிழி கேட்டதும் பார்வை எட்டும் தூரத்தைவிட்டே போய்விடும். ஸ்னாப்பர்தான் வேண்டும் என்பவருக்கு டேங்க் ஒரு சுமை.

மறைமுகச் செலவுகள்: டேங்க்கை ஆண்டுதோறும் உள்ளே பார்த்துச் சான்று வாங்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. ரெகுலேட்டர் சர்வீஸ், டைவ் கம்ப்யூட்டர், வெயிலில் வெடிக்கும் ரப்பர் பேண்டுகள், பாறையில் வளையும் ஈட்டித் தண்டு. இரண்டு டேங்க் சார்ட்டர் (வாடகைப் படகு) பயணம் ஒவ்வொன்றும் 100 டாலரைத் தாண்டும். ஈட்டியை ஏற்காத படகுகளும் உண்டு, பதிவு செய்யும்போதே கேளுங்கள். அழுத்த நோய் (வேகமாக மேலே ஏறினால் உடம்பில் நைட்ரஜன் குமிழியாவது) வந்தால் சிகிச்சைச் செலவு பெரிது, டைவிங் காப்பீடு எடுக்காமல் இதில் இறங்க வேண்டாம். இத்தனையையும் கூட்டினால் மீன் கடையில் ஹாக்ஃபிஷ் மலிவு.

## மூச்சடக்கி

கிடைக்கும் மீன் குறைவு, சத்தம் இல்லை, வரம்பை உடம்பே போடுகிறது. ஒரு நிமிட முக்குளிப்பு, மேலே குறைந்தது இரண்டு நிமிட ஓய்வு என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 20 முறை இறங்கலாம். போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் அடியில் இருப்பது மொத்தமே பத்து நிமிடம் அளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மீன் கிடைத்தால் அது நல்ல நாள். அட்லாண்டிக் பக்கம் ஹாக்ஃபிஷ் ஆளுக்கு ஒன்றுதான் அனுமதி, ஆகவே இந்த வேகமே போதும்.

பவளத்துக்கும் இது இதமானது. டேங்க், தொங்கும் குழாய்கள், காற்று கூட்டிக் குறைத்து மிதப்பைச் சரிசெய்யும் அங்கியான பி.சி.டி. இவையெல்லாம் பவளத்தில் உரசும். மூச்சடக்கிப் போகிறவருக்கு உரச எதுவும் இல்லை.

ஆபத்து வேறு வகை, ஆனால் இலேசானது இல்லை. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அழுத்தம் பாதியாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் அதோடு சரிகிறது. கீழே தெளிவாக இருந்தவர் கடைசிச் சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயங்குவார். பக்கத்தில் ஆள் இருந்தால் தலையைத் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றலாம், இல்லையென்றால் மரணம். ஒருவர் கீழே, ஒருவர் மேலே கண்காணிப்பு: இந்த விதியில் விலக்கே கிடையாது. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிவிட்டு இறங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அது மூச்சுமுட்டும் உணர்வைத்தான் தள்ளிப்போடும், ஆக்சிஜனைக் கூட்டாது.

எனவே இதில் மறைந்திருக்கும் பெரிய செலவு, கூட வரும் ஆள். அவரும் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், உங்களுக்கு ஓய்வான அதே சனிக்கிழமை அவருக்கும் ஓய்வாக இருக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் திட்டம் நின்றுபோகிறது. முதல் நிலை ஃப்ரீடைவிங் பயிற்சி சில நூறு டாலர், நீள ஃபின் ஒரு ஜோடி, எடைப் பட்டி, ஒரு போல் ஸ்பியர், டைவர் கொடியோடு மிதவை. கொடி அலங்காரத்துக்கு இல்லை, சட்டம். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்க வேண்டும்.

ஸ்கூபா செய்த அதே நாளில் மூச்சடக்கி இறங்காதீர்கள். உடம்பில் நைட்ரஜன் இருக்கும்போது வேகமாக ஏறி இறங்குவது அழுத்த நோயைக் கூப்பிடுவதுதான்.

## டேங்க்கோடு, லயன்ஃபிஷ் மட்டும்

லயன்ஃபிஷ் ஃபுளோரிடாவின் மீன் இல்லை. இந்திய, பசிபிக் பெருங்கடல்களிலிருந்து வந்தது. 1985இல் டேனியா பீச் அருகே முதலில் தென்பட்டது. இங்கே அதைத் தின்ன அநேகமாக ஆளில்லை. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை வரை இடும். பாறையில் வளரும் குட்டிக் களவாவையும் ஸ்னாப்பரையும் விழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அளவு வரம்பு இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, பருவத் தடை இல்லை. போல் ஸ்பியர், ஹவாயன் ஸ்லிங், கைவலை, அல்லது லயன்ஃபிஷுக்கென்றே விற்கும் ஈட்டி வைத்துப் பிடித்தால் மீன்பிடி உரிமமே தேவையில்லை. (ஈட்டி தடை உள்ள பகுதிகளில் தனி அனுமதி வாங்க வேண்டும்.)

டேங்க் பற்றி நான் மேலே சொன்ன கவலை இங்கே தலைகீழாகிறது. காற்றும் நேரமும் கூடக்கூட அதிக மீன் வெளியே வரும், பாறைக்கு அது நல்லது. மீனும் ஓடாது. ஒரு கை தூரத்தில், துடுப்புகளை விரித்துக்கொண்டு அப்படியே நிற்கும். துரத்தல் இல்லை, அதனால் காற்று வீணாவதில்லை, கண்ணும் மீட்டரில் இருக்கும். ஈட்டியோடு மிதப்பைச் சமாளிக்கப் பழக இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது.

எச்சரிக்கை முட்களில். முதுகில் 13, அடித்துடுப்புகளில் 2, பின்பக்க அடியில் 3, எல்லாவற்றிலும் விஷம். குத்திய மீனைக் கையால் தொடாமல் நேராக ஜூகீப்பர் போன்ற குழாய்ப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். வலைப்பை வேண்டவே வேண்டாம், முள் வெளியே வந்து தொடையில் ஏறும். முள் குத்திவிட்டால் அந்த இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில், சுமார் 43 முதல் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். விஷம் புரதம் என்பதால் சூட்டில் சிதையும். வலி அதிகமாக இருந்தாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்கு ஓடுங்கள். சதையில் விஷம் கிடையாது.

ருசி? வெள்ளைச் சதை, மென்மை, மீன்வாடை இல்லை. மிளகும் மஞ்சளும் தடவி லேசாக வறுத்தால் போதும். குறை ஒன்றுதான். ஒரு மீனுக்குக் கைப்பிடி அளவே சதை வரும், குடும்பத்துக்கு ஆக்க ஏழெட்டாவது வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஸ்கூபா + ஸ்பியர்கன் | மூச்சடக்கி | ஸ்கூபா + லயன்ஃபிஷ் |
|---|---|---|---|
| வசதியான ஆழம் | 15–30 மீ | 5–15 மீ | 10–30 மீ |
| கிடைக்கும் நல்ல மீன் | ஹாக்ஃபிஷ், களவா | ஹாக்ஃபிஷ், ஸ்னாப்பர் | லயன்ஃபிஷ் |
| உரிமம் | வேண்டும் | வேண்டும் | உரிய கருவி என்றால் வேண்டாம் |
| பெரிய ஆபத்து | காற்று தீர்வது, அழுத்த நோய் | மேலே வரும்போது மயக்கம் | விஷ முள் |
| தொடர் செலவு | அதிகம் | குறைவு | அதிகம் |
| தவறினால் பாறைக்கு | இழப்பு கூடுதல் | இழப்பு குறைவு | அநேகமாக இல்லை |

உரிமம் பற்றி ஒரு வரி: ஃபுளோரிடா ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கு ஆண்டுக்கு 17 டாலர், வெளியாருக்கு 47. சொந்தப் படகு அல்லது நண்பர் படகில் போய் ஹாக்ஃபிஷ், களவா, ஸ்னாப்பர் பிடிப்பதாக இருந்தால் பாறைமீன் பிடிப்பவர் என்ற இலவசப் பதிவும் வேண்டும்.

## ருசியான மீனிலேயே இருக்கும் சிக்கல்

ஹாக்ஃபிஷ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நண்டு, சிப்பி, நத்தை தின்று வளர்வதால்தான் அந்த இனிப்பு. தூண்டிலை அதிகம் தொடாது, அதனால் அதைப் பிடிப்பதில் ஈட்டிக்குத்தான் பெரும்பங்கு. எல்லா ஹாக்ஃபிஷும் பெண்ணாகவே பிறந்து, பெரிதான பிறகு ஆணாக மாறும். ஓர் ஆணுக்குப் பல பெண்கள் கொண்ட ஒரு கூட்டம். முகத்தில் கருமை படிந்து, முதுகின் முதல் மூன்று முட்கள் நீண்டு நிற்கும் பெரிய மீன்தான் அந்த ஆண், நம் கண் முதலில் போவதும் அதன் மேல்தான். அதை எடுத்துவிட்டால் இன்னொரு பெண் ஆணாக மாறும்வரை அந்தக் கூட்டத்தின் இனப்பெருக்கம் தடைபடும்.

கீஸ், கிழக்கு ஃபுளோரிடா பகுதியில் இந்த மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதை 2014 மதிப்பீடு காட்டியது. 2017இல் குறைந்தபட்ச அளவை 12 அங்குலத்திலிருந்து 16 ஆக்கி, ஆளுக்கு ஒன்று என்று குறைத்து, மே 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டும் என்று பருவமும் வைத்தார்கள். மெக்ஸிகோ வளைகுடாப் பக்கம் 14 அங்குலம், ஆளுக்கு ஐந்து. டேங்க்கோடு போகிறவர் சட்டம் அனுமதிக்கும் அளவுள்ள நடுத்தர மீனைத் தேர்ந்து, பெரிய ஆணை விட்டுவிடலாம். அருகில் நின்று தேர்ந்தெடுக்க நேரம் கொடுப்பது டேங்க்தான், அந்த நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

களவா வகைகளை அட்லாண்டிக் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எடுக்கக் கூடாது. கோலியாத், நாசாவ் என்ற இரண்டு களவா வகைகளையும் எந்த மாதத்திலும் ஈட்டியால் தொடக் கூடாது. கிளிமீனும் தடைதான். பெரிய பாராக்குடாவைச் சாப்பிடாதீர்கள், சிகுவாடெரா நச்சு சமைத்தாலும் போகாது. பெரிய களவாவிலும் பெரிய ஹாக்ஃபிஷிலும் அந்த அபாயம் உண்டு, நடுத்தர மீனைத் தேர்வதற்கு அது இன்னொரு காரணம்.

## யாருக்கு எது

கீழ்க் கீஸ் பக்கம் அடிக்கடி போகிறவர், நீச்சல் நன்றாகத் தெரியும், கூட வர நம்பகமான ஆளும் உண்டு என்றால் மூச்சடக்கும் வழியே போதும். பாறைத் திட்டு ஆழமில்லாதது, டேங்க் அங்கே தேவையில்லாத சுமை.

பாம் பீச், ஜூபிட்டர் பக்கம் இருக்கிறீர்கள், நீரோட்டத்தோடு போகும் டைவ் பழகிவிட்டது, கம்ப்யூட்டரைப் பார்க்காமலே ஏறக்குறைய ஆழம் சொல்ல முடிகிறது என்றால் ஸ்கூபாவும் ஸ்பியர்கன்னும் உங்களுக்குப் பொருந்தும். மிதப்பு இன்னும் கைவரவில்லை என்றால் கையில் சுடும் கருவி வேண்டாம்.

காதில் அழுத்தம் சமன் செய்யச் சிரமப்படுகிறவர், ஐம்பது தாண்டியவர், தனியாகச் சார்ட்டர் படகில் போகிறவர், புதிதாக ஸ்கூபா முடித்தவர்: லயன்ஃபிஷ். உயிரைக் கொல்ல மனம் இடறுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், ஒன்றை எடுத்தால் பல குட்டிமீன்கள் பிழைக்கும்.

பஹாமாஸுக்குப் படகில் போகும் எண்ணம் இருந்தால் மூச்சடக்கும் பயிற்சி மட்டுமே அங்கே செல்லுபடியாகும்.

ஊருக்குப் போகும்போது இதைச் செய்யலாமா என்று ராமநாதபுரத்துக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் கேட்கிறார்கள். இலங்கையில் ஸ்பியர்கன்னுக்குத் தடை இருக்கிறது, பெட்டியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருப்பது 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை. லயன்ஃபிஷும் அந்தக் கடலின் சொந்த மீன், ஃபுளோரிடாவில் அதைக் குத்தச் சொன்ன காரணம் எதுவும் அங்கே பொருந்தாது.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் பருவத்தை வைத்துத் திட்டமிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அட்லாண்டிக் பக்கம் ஹாக்ஃபிஷ் மூடியிருக்கும். அந்த ஆறு மாதமும் டேங்க்கும் போல் ஸ்பியருமாக லயன்ஃபிஷுக்குப் போங்கள், நடுவில் ஒரு வார இறுதியில் ஃப்ரீடைவிங் முதல் நிலைப் பயிற்சியை முடியுங்கள். ஏப்ரல் கடைசியில் உரிமம் எடுத்து, ஃபுளோரிடா மீன்வள ஆணையத்தின் அந்த ஆண்டு விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள், அளவும் பருவமும் அவ்வப்போது மாறும். மே மாதம் வரும்போது எந்த வழி உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதன் பிறகு ஸ்பியர்கன் வாங்கலாம்.